ஒரு மணி நேரப் பறப்புக்கு எந்த விமானம்?

சென்னையிலிருந்து மதுரை, தூத்துக்குடி, கோவை, திருச்சி, பெங்களூரு. இப்படி ஒரு மணி, ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்துவிடும் பயணத்துக்கு டிக்கெட் போடும்போது நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்த ஏர்லைன்ஸ் நல்லா இருக்கும்?" எதில் காலை நீட்டி உட்காரலாம், எதில் சாப்பாடு தருவார்கள், எதில் பணிப்பெண்கள் மரியாதையாக நடந்துகொள்வார்கள் என்று பல கேள்விகள் அதற்குள் அடங்கியிருக்கும். துபாய்க்கோ லண்டனுக்கோ போகிறவர் இதையெல்லாம் பார்க்க வேண்டியதுதான். மதுரைக்குப் போகிறவருக்கோ, விமானம் மேலே ஏறி, சீட் பெல்ட் விளக்கு அணைந்து, தண்ணீர் பாட்டில் கைக்கு வந்து சேர்வதற்குள் இறங்கும் அறிவிப்பு வந்துவிடும்.

குறுகிய பயணத்துக்கு நான் முதலில் பார்ப்பது வேறு. இந்த விமானம் ரத்தானால், இதே நிறுவனம் இன்றைக்கே என்னை ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்குமா? இந்தக் கேள்விக்கு 'சேர்க்கும்' என்று பதில் வந்தால்தான் விலையைப் பார்ப்பேன். அதன் பிறகுதான் மற்றவை.

இதைக் கற்றுக்கொண்டது ஒரு கல்யாணத்தில். என் அத்தையை மதுரைக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. மறுநாள் காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் முகூர்த்தம். இரண்டு நிறுவனங்களின் விமானங்கள் இருந்தன. ஒன்றில் ஐந்நூறு ரூபாய் குறைவு, அதை எடுத்தேன். அந்த நிறுவனத்துக்கு மதுரைக்கு அன்றைக்கு அதுதான் கடைசி விமானம் என்பதை நான் கவனிக்கவில்லை. ஐந்தரை மணிக்குத் தாமதம் என்று குறுஞ்செய்தி வந்தது. ஏழு மணிக்கு இன்னொன்று. எட்டேகாலுக்கு ரத்து என்று அறிவித்தார்கள்.

கவுண்டரில் இருந்த இளம்பெண் பொறுமையாகத்தான் பேசினார். "அம்மா, நாளைக்கு காலைல பதினொன்றரை ஃப்ளைட்ல சீட் போட்டுத் தரேன். வேண்டாம்னா முழுப் பணமும் திரும்ப வந்துரும்."

"பதினொன்றரைக்கு நான் போய் எந்தக் கல்யாணத்தப் பாக்குறது தாயி? அதுக்குள்ள பந்தி முடிஞ்சு இலையெல்லாம் எடுத்துருப்பாகளே" என்றார் அத்தை.

அந்தப் பெண்ணிடம் அதற்குப் பதில் இல்லை, இருக்கவும் முடியாது. மற்ற நிறுவனத்துக்கு அன்றிரவு இன்னும் ஒரு விமானம் இருந்தது, ஆனால் அது நிரம்பிவிட்டது. கிளாம்பாக்கம் போய், கிடைத்த பேருந்தில் ஏறி, விடிய விடியப் பயணம் செய்து மாட்டுத்தாவணியில் இறங்கினோம். மண்டபத்துக்குள் நுழைந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. பணம் ஒரு பைசா குறையாமல் திரும்ப வந்தது. அத்தைக்கு அந்த முகூர்த்தம் திரும்ப வரவில்லை.

அடுத்த விமானம் எப்போது?

விமானம் ரத்தானால் பயணியை வேறு விமானத்தில் அனுப்ப வேண்டிய பொறுப்பு நிறுவனத்துக்கு உண்டு. நடைமுறையில் அவர்கள் முதலில் தேடுவது தங்கள் சொந்த விமானத்தில் உள்ள காலி இடத்தைத்தான். ஆகவே நீங்கள் போகும் தடத்தில் ஒரு நாளைக்கு நான்கு விமானம் விடும் நிறுவனமும் ஒன்றே ஒன்று விடும் நிறுவனமும் ஒன்றல்ல. டிக்கெட் எடுக்கும் முன் அந்த நிறுவனத்தின் இணையதளத்துக்கே போய், அதே தேதியில் அதே தடத்தில் அவர்களுக்கு மொத்தம் எத்தனை நேரடி விமானங்கள் என்று எண்ணிப் பாருங்கள். பிறகு, நீங்கள் தேர்ந்தெடுத்த விமானத்துக்குப் பின்னால் எத்தனை இருக்கின்றன என்று பாருங்கள். இரண்டாவது எண்தான் உங்களுக்கு வேண்டியது. நாளைக்கு நான்கு விமானம் இருந்தாலும் நீங்கள் ஏறுவது நான்காவது என்றால் உங்கள் நிலையும் என் அத்தையின் நிலையும் ஒன்றுதான்.

இந்தியாவுக்குள் இப்போது பறப்பவற்றில் நம் தென்மாவட்டப் பயணிகள் அதிகம் எதிர்கொள்ளும் பெயர்கள் சிலதான். இண்டிகோ 2006இல் பறக்கத் தொடங்கியது. இன்று உள்நாட்டுப் பயணிகளில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் அதில்தான் போகிறார்கள். ஏர் இந்தியா 2022 ஜனவரியில் டாடா கைக்குப் போனது. விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு இணைந்தது. ஏர் ஏசியா இந்தியாவாக இருந்தது அதற்கு முந்தின மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸோடு சேர்ந்தது. ஆகாசா 2022 ஆகஸ்டில் வந்தது. ஸ்பைஸ்ஜெட்டும் இருக்கிறது. ஏர் இந்தியாவை விற்றபோது அரசு தன்னிடமே வைத்துக்கொண்ட அலையன்ஸ் ஏர், சிறிய விமானங்களைக் கொண்டு சிறிய ஊர்களுக்குப் பறக்கிறது. எந்த ஊருக்கு யார் போகிறார்கள் என்பது ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் அட்டவணை மாறும்போது மாறும். போன வருடம் போன விமானம் இந்த வருடமும் இருக்கும் என்று நம்பி விடுப்பு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

அதிக விமானம் விடும் நிறுவனம் என்றால் கவலையே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2025 டிசம்பர் முதல் வாரத்தில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். விமானிகளின் ஓய்வு நேரம் பற்றிய புதிய விதிகள் நவம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. அதற்கேற்ற அளவு விமானிகளைத் தயார்ப்படுத்தாத இண்டிகோ, டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. மற்ற நிறுவனங்களின் கட்டணம் கிடுகிடுவென்று ஏறியதால் மறுநாளே அரசு உச்சவரம்பு விதித்தது: 500 கிலோமீட்டர் வரை ரூ.7,500, 1,000 கிலோமீட்டர் வரை ரூ.12,000. பெரிய நகரங்களில் இருந்தவர்கள் வேறு நிறுவனத்துக்கு மாறிப் போனார்கள். ஒரே நிறுவனத்தை நம்பியிருந்த சிறிய ஊர்க்காரர்கள் ரயிலையும் பேருந்தையும் தேடினார்கள். நாட்டின் வானப் போக்குவரத்தில் இவ்வளவு பெரிய பங்கு ஒரே நிறுவனத்திடம் இருப்பது நல்லதல்ல என்பது என் உறுதியான கருத்து. பயணியாக நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் தடத்தில் இரண்டாவது நிறுவனம் ஒன்று நியாயமான நேரத்தில் பறந்தால், சில நூறு ரூபாய் கூடினாலும் அவ்வப்போது அதில் போங்கள். ஆள் ஏறாத தடத்தை எந்த நிறுவனமும் வைத்துக்கொள்ளாது.

இன்னொரு எச்சரிக்கை. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 இரவோடு நின்றது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே 3 முதல் பறக்கவில்லை. இரண்டிலும் மாதக்கணக்கில் முன்பே டிக்கெட் எடுத்தவர்கள் பணத்துக்கு அலைந்தார்கள். ஒரு நிறுவனம் சம்பளம் தர முடியாமலும் விமான வாடகை கட்ட முடியாமலும் தடுமாறுகிறது என்று செய்தித்தாளில் தொடர்ந்து வந்தால், அதில் நான்கு மாதம் கழித்துப் போகும் பயணத்துக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். கட்டத்தான் வேண்டுமென்றால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். சேவை கிடைக்காவிட்டால் வங்கியிடம் முறையிட அதில் ஒரு வழி இருக்கிறது.

எந்த வேளை?

விமானம் ஒன்று காலையில் கிளம்பினால் இரவு வரை ஊர் ஊராகப் போய் வந்துகொண்டே இருக்கும். காலையில் மதுரைக்குப் போய்த் திரும்பியதே பிறகு தூத்துக்குடிக்கும், மாலையில் பெங்களூருவுக்கும் போகும். காலையில் ஓரிடத்தில் இருபது நிமிடம் தாமதமானால் அது மாலைக்குள் ஒரு மணி நேரமாக வளர்ந்து நிற்கும். அதனால்தான் நாளின் முதல் விமானம் பெரும்பாலும் நேரத்துக்குக் கிளம்புகிறது. இரவே வந்து நின்ற விமானம் அது. அதற்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. முக்கியமான காரியம் என்றால் முதல் இரண்டு விமானங்களுக்குள் எடுங்கள்.

இதற்கு விதிவிலக்குகள் உண்டு. போகி அன்று அதிகாலை சென்னையில் விமானம் ஏறாதீர்கள். பழையன எரித்த புகையும் மார்கழிப் பனியும் சேர்ந்து ஓடுபாதையை மறைத்து, விமானங்கள் இறங்க முடியாமல் பெங்களூருவுக்கும் ஐதராபாத்துக்கும் திருப்பி விடப்பட்ட ஆண்டுகள் உண்டு. பெங்களூரு தேவனஹள்ளியில் டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் மூடுபனி இறங்கும். அங்கே அந்த மாதங்களில் ஒன்பது மணிக்குப் பிறகு கிளம்பும் விமானம் மேல். சென்னையில் வெயில் காலம் முடிந்து செப்டம்பர், அக்டோபர் வரை மாலையில்தான் இடி மழை பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் என்று வானிலை மையம் சொல்லிவிட்டால் எந்த நிறுவனத்தின் பெயரும் உதவாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் நாட்கணக்கில் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பர் 4 மிக்ஜாம் புயலிலும் ஓடுபாதையில் தண்ணீர் நின்றது. அந்த நாட்களில் பயணத்தை முன்கூட்டியே தள்ளிவைப்பதுதான் புத்திசாலித்தனம்.

எந்த நிறுவனம் நேரத்துக்குப் போகிறது என்று தெரிந்துகொள்ள, சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ, மாதந்தோறும் அறிக்கை வெளியிடுகிறது. குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் இயங்கினால் அதைச் 'சரியான நேரம்' என்று கணக்கில் எடுக்கிறார்கள். ரத்தான விமானங்களின் சதவீதமும், பத்தாயிரம் பயணிகளுக்கு எத்தனை புகார் என்பதும் அதில் இருக்கும். பயனுள்ள அறிக்கைதான். ஆனால் நேரக் கணக்கு பெரிய விமான நிலையங்களில் எடுக்கப்பட்டது. சேலத்துக்கும் தூத்துக்குடிக்கும் போகும் விமானத்தின் நடத்தையை அதை வைத்து எடைபோட முடியாது. அதற்கு நேரடியான வழி, கைபேசியில் விமானத் தடம் காட்டும் செயலி எதையாவது திறந்து, உங்கள் விமான எண்ணைக் கொடுத்து, கடந்த ஒரு வாரத்தில் அது எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று பார்ப்பது. ஏழு நாளில் நான்கு நாள் நாற்பது நிமிடம் தாமதம் என்றால் எட்டாவது நாளும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பயண நாளன்று அதே செயலியில், உங்களை ஏற்றிப் போக வேண்டிய விமானம் எந்த ஊரில் இருக்கிறது என்பதையும் பார்க்கலாம். தூத்துக்குடியில் நீங்கள் ஏறப்போகும் விமானம் சென்னையிலிருந்தே இன்னும் கிளம்பவில்லை என்றால், வாகைக்குளத்தில் போய்க் காத்திருக்க அவசரப்பட வேண்டாம் என்பது அறிவிப்புக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். ஆனாலும் கவுண்டர் மூடும் நேரத்துக்கு முன் போய்விடுங்கள். தாமதம் குறையவும் கூடும்.

ஜெட்டா, காத்தாடி வைத்ததா?

டிக்கெட் பக்கத்தில் விமானத்தின் ரகம் எழுதியிருக்கும். ஏர்பஸ் 320, போயிங் 737 என்றால் ஒரு வரிசையில் ஆறு பேர், மொத்தம் 180 பேர் அளவில் போகும் ஜெட். ஏடிஆர் 72 என்றால் இரு பக்கமும் இரண்டு இரண்டு இருக்கைகள். 70 முதல் 78 பேர் வரை. இறக்கையில் பெரிய காத்தாடி சுழலும். "பஸ் மாதிரி இருக்கே, பயமில்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. பயப்பட ஒன்றுமில்லை. குறைந்த தூரத்துக்கும் சின்ன ஓடுபாதைக்கும் என்றே செய்த விமானம் அது. தூத்துக்குடியின் ஓடுபாதை 1,350 மீட்டராக இருந்த காலம் முழுக்க அந்த ஊரை நாட்டோடு இணைத்தவை இப்படிக் காத்தாடி வைத்த விமானங்கள்தான். இப்போது ஓடுபாதை மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீண்டு, 2025 ஜூலையில் புதிய முனையமும் திறந்தாகிவிட்டது.

ஜெட் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் போகும். ஏடிஆர் 500 சொச்சம். சென்னை–மதுரை தூரத்துக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஏடிஆர் தாழ்வாகப் பறப்பதால் மழைக்காலத்தில் மேகத்துக்குள் கொஞ்சம் குலுங்கும். குமட்டல் வருகிறவர்களும் கைக்குழந்தையோடு போகிறவர்களும் அந்த மாதங்களில் ஜெட் கிடைத்தால் ஜெட்டையே எடுங்கள். மற்றவர்களுக்கு நான் ஏடிஆரைத் தயங்காமல் சொல்வேன். நடு இருக்கை என்பதே அதில் கிடையாது. ஜோடியாகப் போகிறவர்களுக்கு அது தனி வசதி.

ஏடிஆரில் இருக்கையை எடுக்கும்போது பேருந்து வழக்கத்தை மறந்துவிடுங்கள். முன்னால் உட்கார்ந்தால் நல்லது என்று பணம் கட்டி முன் வரிசை எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பயணிகள் ஏறி இறங்கும் வாசல் அதில் பின்னால் இருக்கிறது. முன்பக்கத்தில் இருப்பது சரக்கு அறை. காத்தாடியின் இரைச்சலும் முன்பாதியில்தான் அதிகம். பின்வரிசையில் உட்கார்ந்தால் சத்தமும் குறைவு, முதலில் இறங்கலாம். தலைக்கு மேலுள்ள பெட்டி சின்னது. ஜெட்டில் தாராளமாக நுழையும் சக்கரப் பெட்டி இதில் நுழையாமல் படிக்கட்டு அருகிலேயே வாங்கிச் சரக்கறையில் போட்டுவிடுவார்கள். மாத்திரை, மூக்குக் கண்ணாடி, நகை, பவர் பேங்க் இவற்றை ஒரு சின்னத் துணிப்பையில் தனியே வைத்துக்கொண்டால் அந்த இடத்தில் பெட்டியைத் திறந்து தேட வேண்டியிருக்காது. பவர் பேங்க் எப்போதும் கையோடுதான் வர வேண்டும். சரக்குப் பெட்டியில் அதை வைக்க அனுமதி இல்லை.

உண்மையான விலை

தேடல் தளத்தில் முதலில் தெரியும் விலையை நம்பி முடிவெடுக்காதீர்கள். ஒரு கணக்குக்கு, ஒரு நிறுவனத்தில் ரூ.3,200, இன்னொன்றில் ரூ.3,700 என்று வைத்துக்கொள்வோம். முதலாவது கைப்பை மட்டும் கொண்டுபோகும் கட்டணமாக இருக்கலாம். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் 'லைட்' கட்டணம் அப்படிப்பட்டது. மடிக்கணினிப் பையோடு போய் அன்றே திரும்புகிறவருக்கு அது நல்ல விலை. அம்மா கொடுத்தனுப்பும் அரிசி வடகத்தோடும் ஊறுகாய்ப் பாட்டிலோடும் திரும்புகிறவருக்குப் பெட்டிக்குத் தனியே பணம் கட்டும்போது அந்த ஐந்நூறும் போய், மேலும் போகும். இருக்கைக்கு ஒரு தொகை, தளத்தின் சேவைக் கட்டணம் ஒரு தொகை, கேட்காமலே சேர்த்துவிட்ட காப்பீடு ஒரு தொகை என்று கடைசித் திரையில் விலை வேறாக நிற்கும். இரண்டு நிறுவனத்திலும் பணம் கட்டும் திரை வரை போய், அங்கே தெரியும் தொகையைத் தாளில் எழுதி ஒப்பிடுங்கள். பத்து நிமிட வேலை.

வழக்கமான கட்டணத்தில் சரக்குப் பெட்டிக்கு 15 கிலோ, கைப்பைக்கு 7 கிலோ என்பது பெரும்பாலான நிறுவனங்களில் பொது. இந்தக் கணக்கில் ஏமாறுகிறவர்கள் நம் ஊர்ப் பக்கம் ஏராளம். தூத்துக்குடி கவுண்டரில் எனக்கு முன்னால் நின்ற பெரியவரின் பெட்டி 17.8 காட்டியது.

"அண்ணாச்சி, மூணு கிலோவுக்குக் கட்டணும்" என்றார் கவுண்டர் தம்பி.

"வீட்டுத் தராசுல பதினஞ்சுதானப்பா காட்டிச்சு."

"பெட்டியோட எடையையும் சேத்துப் பாத்தீங்களா?"

பெரியவர் பேசாமல் பெட்டியை ஓரமாக இழுத்துத் திறந்தார். வேட்டிகளுக்கு நடுவில் காகிதத்தில் சுற்றிய மூன்று கருப்பட்டி வட்டுகள். அவற்றை எடுத்து மனைவியின் கைப்பைக்கு மாற்றியதும் முள் கீழே இறங்கியது. கூடுதல் எடைக்கு விமான நிலையத்தில் கிலோவுக்குச் சில நூறு ரூபாய் வாங்குகிறார்கள். கருப்பட்டியின் விலையைவிட அதிகம். எடை கூடும் என்று தெரிந்தால் முந்தின நாளே இணையத்தில் கூடுதல் கிலோவை வாங்கிவிடுங்கள், அது மலிவு. மாணவர் கட்டணத்தில் சில நிறுவனங்கள் கூடுதலாக 10 கிலோ தருகின்றன. விடுதிக்குப் போகும் பிள்ளைகளுக்கு அதைக் கேட்டு எடுங்கள். அறுபது வயது தாண்டியவர்களுக்கும் அடிப்படைக் கட்டணத்தில் தள்ளுபடி தரும் நிறுவனங்கள் உண்டு. வயதுச் சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

விலையைப் பார்க்கும்போதே ரயிலையும் பாருங்கள். தாம்பரத்திலிருந்து மீனம்பாக்கம், அங்கே ஒன்றரை மணி நேரம், வானில் ஒன்றேகால், பெட்டி வர இருபது நிமிடம், மதுரை விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் முக்கால் மணி என்று கூட்டினால் நான்கரை மணி நேரம் ஆகிவிடும். தேஜஸ் ரயில் ஆறரை மணி நேரத்துக்குள் மதுரையில் விடுகிறது. கோவைக்கு வந்தே பாரத் ஆறு மணி நேரத்துக்குள். மதுரைக்கும் கோவைக்கும் போகிறவர் மூவாயிரத்துக்கு மேல் விமானத்துக்குக் கொடுக்கும் முன் ஒரு முறை யோசிக்கலாம். தூத்துக்குடிக்கு ரயிலில் ஓர் இரவு முழுவதும் போய்விடும், அங்கே விமானம்தான்.

வெளிநாட்டு விமானத்தைப் பிடிக்க வேண்டுமென்றால்

சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ சென்னை வழியாகப் போகிறவர்கள் உள்ளூர் டிக்கெட்டைத் தனியே மலிவாக எடுப்பது வழக்கம். இரண்டும் ஒரே பி.என்.ஆரில் இல்லையென்றால், மதுரை விமானம் தாமதமாகிச் சிங்கப்பூர் விமானத்தைத் தவறவிட்டால் இரண்டு நிறுவனமும் பொறுப்பேற்காது. இந்த ஒரு இடத்தில் மட்டும் வேளையையும் விலையையும் பின்னுக்குத் தள்ளி, ஒரே டிக்கெட்டாகத் தரும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள். அப்படிக் கிடைக்காவிட்டால் இடையில் குறைந்தது ஐந்து மணி நேரம் வையுங்கள். கடைசி விமானத்தை நம்பாதீர்கள். திரும்பி வரும்போது பெட்டியைச் சென்னையில் எடுத்து, சுங்கம் கடந்து, மறுபடி உள்நாட்டுக் கவுண்டரில் கொடுக்க வேண்டும். சென்னையில் உள்நாட்டு முனையங்கள் டி1, டி4 என இரண்டு. அவை பக்கத்துப் பக்கத்தில் இல்லை. நடுவே சர்வதேச முனையம் இருக்கிறது. உங்கள் விமானம் எதிலிருந்து என்று டிக்கெட்டில் பார்த்துவிட்டு டாக்ஸிக்காரரிடம் சொல்லுங்கள்.

ரத்தானால் என்ன கேட்கலாம்?

டிஜிசிஏ விதிகள் எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றுதான். இரண்டரை மணி நேரத்துக்குள் முடியும் பயணத்தில் இரண்டு மணி நேரத் தாமதம் ஏற்பட்டால் சாப்பாடும் சிற்றுண்டியும் தர வேண்டும். கூச்சப்படாமல் கேளுங்கள். ஆறு மணி நேரத்தைத் தாண்டும் என்றால் வேறு விமானமோ முழுப் பணமோ, எது வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை உங்களுடையது. முன்கூட்டிச் சொல்லாமல் ரத்து செய்தால் இழப்பீடும் உண்டு: ஒரு மணி நேரம் வரையிலான பயணத்துக்கு ரூ.5,000, இரண்டு மணி நேரம் வரை ரூ.7,500. அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இரண்டில் எது குறைவோ அது. மலிவான குறுந்தூர டிக்கெட்டில் கைக்கு வருவது அந்த அடிப்படைக் கட்டணம்தான். புயல், மழை போல நிறுவனத்தின் கையை மீறிய காரணம் என்றால் இந்த இழப்பீடு கிடையாது. வேறு விமானமோ பணமோ அப்போதும் உண்டு.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று. 'பணம் திரும்பாது' என்று எழுதிய டிக்கெட்டை நீங்கள் ரத்து செய்தாலும், ஏன், விமானத்துக்கே போகாவிட்டாலும், அதில் வசூலித்த விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணம் போன்றவற்றைத் திருப்பித் தர வேண்டும். குறுந்தூர டிக்கெட்டில் அது சிறு தொகை இல்லை. நிறுவனத்தின் இணையதளத்தில் அதற்கான விண்ணப்பம் இருக்கும். பயண நாளுக்கு ஒரு வாரத்துக்கு மேல் இருக்கும்போது எடுத்த டிக்கெட்டை, எடுத்ததும் விதியில் உள்ள குறுகிய அவகாசத்துக்குள் அபராதமின்றி ரத்து செய்யலாம். நிறுவனம் பதில் சொல்லாவிட்டால் அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் கொடுங்கள். போர்டிங் பாஸையும் தாமதம் பற்றி வந்த குறுஞ்செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

இந்த உரிமைகளில் இழப்பீட்டுக்கு மட்டும் ஒரு நிபந்தனை இருக்கிறது. டிக்கெட்டில் உங்களைத் தொடர்புகொள்ளும் எண் இல்லையென்றால் இழப்பீடு தர வேண்டியதில்லை என்று அதே விதி சொல்கிறது. ஊரில் ஏஜென்ட் மூலம் எடுக்கும் டிக்கெட்டுகளில் பெரும்பாலும் ஏஜென்டின் எண்தான் இருக்கும். விமானம் ரத்தான செய்தி அவர் கைபேசிக்குப் போகும், நீங்கள் விமான நிலையத்தில் நிற்பீர்கள். உங்கள் கையிலோ பெற்றோர் கையிலோ இப்போது ஒரு டிக்கெட் இருந்தால் அதை எடுத்துப் பாருங்கள். பயணியின் சொந்த எண் இல்லையென்றால் இன்றைக்கே ஏஜென்டுக்குப் போன் செய்து மாற்றச் சொல்லுங்கள்.